பந்துதைக்கும் மாணவனும் பல்கலைக்கழகமும்



ஒரு குழுவைச் சேர்ந்தவர்கள் எல்லாரும் களத்தின் நடுவே முட்டி மோதிப் போராடிக்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் ஓரத்தில் தனியே நின்று, சிறியதொரு வலையை நோக்கிப் பந்தை உதைத்துக்கொண்டிருக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். அமெரிக்க நாட்டில் இலையுதிர் காலத்து வெள்ளிக்கிழமை மாலைகளில், உயர்நிலைப் பள்ளிகளின் ஆடுகளங்கள் பலவற்றில் இதனைக் காணலாம். அவன் உடையில் பெரும்பாலும் மண் ஒட்டியிராது. ஆட்டம் முழுவதிலும் சில விநாடிகள்தாம் அவனுக்கு வேலை. ஆயினும் அந்தச் சில விநாடிகளில் வெற்றியும் தோல்வியும் அவன் காலடியில் வந்து நிற்கும். இத்தகைய உதைப்பாளன் ஒருவனைப் பல்கலைக்கழகங்கள் எவ்வாறு தேடித் தேர்ந்தெடுக்கின்றன, தேர்ந்தெடுக்கப்படும் மாணவன் எவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பவற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கால்பந்து என்றவுடன் உங்கள் நினைவுக்கு வரும் ஆட்டம் வேறு. அமெரிக்கர்கள் அப்பெயரால் அழைக்கும் ஆட்டம் வேறு. அவர்களுடைய பந்து உருண்டையானதன்று. இரு முனையும் கூர்த்த நீளுருண்டை வடிவினது. ஆட்டக்காரர்கள் அதைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், ஒருவருக்கொருவர் எறிவார்கள். களத்தின் நீளம் 100 கஜம். ஒவ்வொரு பக்கத்திலும் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் பக்கத்தார் நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். எதிரியின் எல்லைக்கோட்டைப் பந்துடன் கடந்தால் 6 புள்ளிகள். இதனை டச்டவுன் என்பர். காலுக்கு வேலை வருவது குறிப்பிட்ட சில சமயங்களில் மட்டுமே.

அச்சமயங்கள் மூன்று வகைப்படும். முதலாவது, கம்பங்களுக்கிடையே பந்தைச் செலுத்துவது. களத்தின் ஒவ்வொரு கோடியிலும் இரு நெடுங்கம்பங்களும், தரையிலிருந்து 10 அடி உயரத்தில் ஒரு குறுக்குச் சட்டமும் இருக்கும். சட்டத்துக்கு மேலாக, கம்பங்களுக்கு இடையே பந்து சென்றால் 3 புள்ளிகள். இது ஃபீல்டு கோல். டச்டவுனுக்குப் பின் இவ்வாறே உதைத்தால் கூடுதலாக 1 புள்ளி. இரண்டாவது, ஆட்டத்தின் தொடக்கத்திலும் புள்ளி பெற்ற பின்னரும் பந்தை எதிரியின் பக்கம் நெடுந்தொலைவு உதைத்து அனுப்பும் கிக்காஃப். மூன்றாவது பண்ட் எனப்படுவது. மூன்று முயற்சிகளிலும் போதிய முன்னேற்றம் இல்லையெனில், நான்காவது முயற்சியில் பந்தைக் கையிலிருந்து விட்டு, அது தரையைத் தொடுமுன் உதைத்து, எதிரியைத் தொலைவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

மூன்றும் உதைதானே என்று நீங்கள் கேட்கலாம். மூன்றுக்கும் கால் ஒன்றே, கலை ஒன்றன்று. ஃபீல்டு கோலில் ஒருவர் 7 கஜத்துக்குப் பின்னால் மண்டியிட்டிருப்பார். முன்னாலிருந்து வரும் பந்தைப் பிடித்து, ஒரு விரலால் நிமிர்த்தித் தரையில் நிறுத்துவார். அதற்குள் உதைப்பாளன் அடியெடுத்து வைத்திருக்க வேண்டும். பந்து புறப்பட்டது முதல் அவன் கால் அதில் படுவது வரை ஏறத்தாழ 1.3 விநாடிக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். பண்டில் அவனே பந்தைப் பிடித்து, அவனே சாயாமல் கீழே விடவேண்டும். கை சற்றே நடுங்கினாலும் பந்து கோணி, உதையும் கோணிவிடும். அதில் காலைவிடக் கைக்கே கவனம் மிகுதி என்று சொல்வார்கள். கிக்காஃபில் பந்து ஒரு சிறு தாங்கியின்மேல் நிற்கும். அங்கே நெடிய ஓட்டமும் முழு வலிமையும் வேண்டும். ஆகவே ஒருவன் மூன்றையும் நன்கு செய்வது எளிதன்று. அவ்வாறு செய்யக்கூடியவனையே பல திறன் வாய்ந்த உதைப்பாளன் என்று பயிற்சியாளர்கள் போற்றுகிறார்கள்.

இங்கே சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். பண்டின் மேன்மையைத் தொலைவால் மட்டும் அளப்பதில்லை. பந்து வானில் எத்தனை நேரம் நின்றது என்பதையும் அளப்பார்கள். நெடுந்தொலைவு போனாலும் தாழப் போன பந்தை எதிரி விரைவில் பிடித்து ஓடிவந்துவிடுவான். உயரப் போன பந்து இறங்குவதற்குள் நம் பக்கத்தார் அவனைச் சூழ்ந்துகொள்வார்கள். ஒரு பந்து 4 விநாடி வானில் இருந்தால், ஏறுவதற்கு 2 விநாடி, இறங்குவதற்கு 2 விநாடி. காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால், 2 விநாடியில் விழும் தூரம் 64 அடி. அரை விநாடி கூடி 4.5 விநாடியாயின், உயரம் 81 அடி. அரை விநாடிக்கு 17 அடி வேறுபாடு! கையில் கடிகாரத்துடன் பயிற்சியாளர் நிற்பதன் காரணம் இப்போது விளங்கும். நீங்கள் வகுப்பறையில் கற்கும் இயற்பியல்தான் அங்கே ஒரு மாணவனின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது.

இனி, பல திறன் உடையவனைத் தேடுவானேன் என்பதைக் காண்போம். அமெரிக்காவில் இவ்வாட்டத்தை ஆடும் உயர்நிலைப் பள்ளிகள் 14,000-க்கு மேல் உள்ளன. ஆடும் மாணவர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர். அவர்களுள் கல்லூரிக் குழுக்களுக்குச் செல்பவர்கள் நூற்றுக்கு 7 பேர் அளவில்தான். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. என்பது, 1906-இல் தோன்றியது. அதன் உச்சப் பிரிவில் 130-க்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அப்பிரிவில் ஒரு பல்கலைக்கழகம் இவ்வாட்டத்துக்காக 85 மாணவர்களுக்கு மட்டுமே உபகாரச் சம்பளம் தரலாம் என்பது 2024-ஆம் ஆண்டுப் பருவம் வரை இருந்த விதி. 2025 ஜூன் மாதத்தில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஓர் உடன்பாட்டால் அது மாறியது. உடன்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு உபகாரச் சம்பளத்தின் எண்ணிக்கையில் வரம்பு நீங்கியது. அதற்கு ஈடாகக் குழுவின் மொத்த எண்ணிக்கைக்கே 105 என்னும் வரம்பு வந்தது. முன்பு உதவி பெறாமலே பலர் குழுவில் இடம்பெற்றிருந்தனர். இன்று அத்தகைய இடங்கள் சுருங்கிவிட்டன.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். மூன்று வேலைக்கு மூன்று ஆட்களை வைத்திருக்கும் குழு மூன்று இடங்களைச் செலவிடுகிறது. ஒருவனே இரண்டு வேலையைச் செய்தால் ஓர் இடம் மிச்சம். அங்கே வேறொரு வீரனைச் சேர்த்துக்கொள்ளலாம். மேலும், பண்ட் உதைப்பவனுக்கு இடையாட்டத்தில் காலில் சுளுக்கு ஏற்பட்டால், மாற்றாக நிற்கவும் ஒருவன் வேண்டும். சிக்கனமும் முன்னெச்சரிக்கையும் ஒருங்கே பல திறனுடையவனை நாடுகின்றன. ஆயினும் ஓர் எச்சரிக்கை. மூன்றிலும் நடுத்தரமாய் இருப்பவனை யாரும் தேடுவதில்லை. ஒன்றில் தலைசிறந்தும், மற்றவற்றில் நம்பத்தக்கவனாகவும் இருப்பவனையே விரும்புவர். ஒரே காலுக்கு மூன்று வேலையையும் நாள்தோறும் கொடுத்தால் அது ஓய்ந்துவிடும் என்பதும் பயிற்சியாளர்கள் அறிந்ததே.

பழைய வரலாறு ஒன்றிரண்டு சொல்கிறேன். 1911 நவம்பரில் கார்லைல் செவ்விந்தியப் பள்ளியின் குழு, பெரும்புகழ் பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை 18-க்கு 15 என்று வென்றது. அந்த 18-இல் 12 புள்ளிகள் ஜிம் தோர்ப் என்னும் ஒரே வீரர் உதைத்த நான்கு ஃபீல்டு கோல்களால் வந்தவை. அவர் உதைப்பவர் மட்டுமல்லர். பந்தை ஏந்தி ஓடுவதிலும் இணையற்றவர். அடுத்த ஆண்டு ஒலிம்பிக் போட்டியில் இரு தங்கப் பதக்கங்களைப் பெற்றார். அக்காலத்தில் உதைப்பதற்கென்று தனி ஆள் வைப்பது வழக்கமில்லை. மற்றவற்றை ஆடுபவனே உதையும் உதைப்பான். பிற்காலத்தில்தான் வேலைகள் பிரிந்தன.

பீட் கோகோலாக் என்பவரின் கதையும் அறியத்தக்கது. ஹங்கேரியில் பிறந்த அவர், 1956-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் பெற்றோருடன் நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்கா சேர்ந்தார். அங்கே எல்லாரும் பந்தை நேராக ஓடிவந்து கால்விரல் நுனியால் உதைத்தனர். அவரோ தம் நாட்டுக் கால்பந்தாட்டத்தில் பழகியவாறு பக்கவாட்டிலிருந்து வந்து, காலின் மேற்புறத்தால் உதைத்தார். கார்னெல் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய பின், 1964-இல் பஃபலோ பில்ஸ் குழுவில் சேர்ந்து, தொழில்முறை ஆட்டத்தில் அம்முறையைக் கையாண்ட முதல்வரானார். இன்று அந்நாட்டில் ஏறக்குறைய எல்லாரும் உதைப்பது அவ்வாறே. அகதியாய் வந்த ஓர் இளைஞர், வேறோர் ஆட்டத்தில் கற்ற வித்தையால் ஓர் ஆட்டத்தையே மாற்றிவிட்டார்.

ரே கை என்னும் ஜார்ஜியா மாநிலத்து வீரர், தெற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் பண்டும் உதைத்தார், தற்காப்பிலும் ஆடினார், 1972-இல் 61 கஜத்திலிருந்து ஃபீல்டு கோலும் அடித்தார். மறு ஆண்டு தொழில்முறைக் குழுக்களின் தேர்வில் முதற்சுற்றிலேயே எடுக்கப்பட்டார். பண்ட் உதைப்பவருக்கு அப்பெருமை கிடைத்தது அதுவே முதன்முறை. அவர் பெயரால் 2000-ஆம் ஆண்டு முதல் சிறந்த கல்லூரிப் பண்ட் வீரருக்கு விருது வழங்கப்படுகிறது. வியப்பு என்னவெனில், 2013 முதல் 2017 வரை ஐந்தாண்டும் அவ்விருதைப் பெற்றவர்கள் ஆஸ்திரேலியர்கள்! அந்நாட்டு ஆட்டத்தில் ஓடிக்கொண்டே பந்தைக் கையிலிருந்து விட்டு உதைப்பது சிறுவயதுப் பழக்கம். இதை அறிந்து, 2007-இல் மெல்போர்ன் நகரில் இதற்கெனவே ஒரு பயிற்சி நிலையம் தொடங்கினார்கள். ஆகவே அமெரிக்க மாணவனுக்கு இன்று போட்டி பக்கத்து ஊரிலிருந்து மட்டும் வருவதில்லை. கடல் கடந்தும் வருகிறது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவிகளுக்கும் ஒரு செய்தி. 2003-இல் கேட்டி நைடா என்பவர் நியூ மெக்சிகோப் பல்கலைக்கழகத்துக்காகவும், 2020-இல் சேரா ஃபுல்லர் என்பவர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்காகவும் களமிறங்கி உதைத்துப் புள்ளி பெற்றனர். ஆண்களே ஆடிவந்த அவ்வாட்டத்தில் அவர்களுக்கு வழி திறந்தது இந்தக் கால் வித்தைதான்.

சரி, தேர்வு எவ்வாறு நடக்கிறது? ஒஹாயோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பதினேழு வயது மாணவன் ஒருவன் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அவன் தன் உதைகளைப் படமெடுத்துப் பயிற்சியாளர்களுக்கு அனுப்புகிறான். பயிற்சியாளர் அதைப் பார்ப்பார். ஆனால் அதை மட்டும் நம்பமாட்டார். படத்தில் வருவன எல்லாம் வென்ற உதைகள். தவறிய உதைகளை யார் அனுப்புவார்? ஆகவே கோடைக்காலத்தில் பல்கலைக்கழகம் நடத்தும் முகாமுக்கு வரச் சொல்வார். அங்கே எல்லாரும் ஒரே களத்தில், ஒரே காற்றில், ஒருவர்பின் ஒருவராக உதைப்பார்கள். தொலைவு, உயரம், நேரம், தவறு ஆகிய அனைத்தையும் எழுதிக்கொள்வார்கள்.

அங்கே நம் மாணவனுக்கு இரண்டு அதிர்ச்சிகள் காத்திருக்கும். பள்ளி ஆட்டத்தில் கம்பங்களுக்கிடையே அகலம் 23 அடி 4 அங்குலம். கல்லூரியிலோ 18 அடி 6 அங்குலம். கிட்டத்தட்ட 5 அடி குறைந்துவிட்டது. பள்ளியில் பந்தின் கீழ் 2 அங்குல உயரக் கட்டை வைத்து ஃபீல்டு கோல் உதைக்கலாம். கல்லூரியில் 1989 முதல் அதற்குத் தடை. புல்தரையிலிருந்தே எழுப்ப வேண்டும். பள்ளியில் 45 கஜத்திலிருந்து அடித்துக் கைதட்டல் பெற்றவன், கட்டையை எடுத்துவிட்டால் 30 கஜத்திலேயே தடுமாறுவதுண்டு. அறிவுள்ள மாணவன் பள்ளியில் இருக்கும்போதே தரையிலிருந்து உதைத்துப் பழகுவான். நாளைய களத்தின் அளவை இன்றே அறிந்து பயில்வதுதான் ஆயத்தம் என்பது.

கால் மட்டும் போதுமா? போதாது. என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதற்பிரிவில் ஆடவேண்டுமானால், உயர்நிலைப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். அவற்றுள் ஆங்கிலம் நான்காண்டு, கணிதம் மூன்றாண்டு, இயற்கை விஞ்ஞானம் இரண்டாண்டு, சமூக இயல் இரண்டாண்டு, மற்றவை எஞ்சியன. அப்பாடங்களில் நான்குக்கு 2.3 என்னும் சராசரியாவது பெறவேண்டும். அவற்றுள் 10 பாடங்களை இறுதியாண்டு தொடங்குமுன்பே முடித்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் விழித்துக்கொள்பவனுக்கு அங்கே இடமில்லை.

இவ்விடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல என் மனம் ஒப்பவில்லை. நான் தலைமையாசிரியனாய் இருந்தபோது, ஹாக்கி ஆட்டத்தில் மிகச் சிறந்த மாணவன் ஒருவன் எங்கள் பள்ளியில் பயின்றான். கோப்பைகள் வந்தன, எனக்கும் பெருமை. கணித வகுப்பு நேரங்களில் அவனை ஆட்டத்துக்கு அனுப்பினேன். அவன் பின்தங்குவதைக் கண்டும் காணாதவனாய் இருந்தேன். அவனை ஏற்கக் கல்லூரி ஒன்று காத்திருந்தது. பொதுத்தேர்வில் கணிதத்தில் தவறினான். அந்த இடம் போயிற்று. அவன் தந்தை என்னிடம் வந்து சான்றிதழை வாங்கிக்கொண்டார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது. ஒரு பையனின் திறமையால் பள்ளி அடையும் புகழுக்கு, அவனுடைய படிப்பை விலையாகக் கொடுக்கும் உரிமை எந்த ஆசிரியனுக்கும் இல்லை.

நம் ஒஹாயோ மாணவனிடம் திரும்புவோம். முகாமில் அவன் நன்றாகவே உதைத்தான். மூன்று அழைப்புகள் வந்தன. பெரிய பல்கலைக்கழகம் ஒன்று, உபகாரச் சம்பளம் இன்றிக் குழுவில் சேர்ந்துகொள், பிறகு பார்க்கலாம் என்றது. இரண்டாம் பிரிவைச் சேர்ந்த கல்லூரி ஒன்று, செலவில் ஒரு பகுதியைத் தருவதாகவும், மூன்று வேலைகளையும் அவனிடமே ஒப்படைப்பதாகவும் சொன்னது. மூன்றாம் பிரிவுக் கல்லூரி ஒன்றும் அழைத்தது. அப்பிரிவில் விளையாட்டுக்கென உபகாரச் சம்பளம் கிடையாது. ஆனால் குடும்பத்தின் நிலைமையையும் மதிப்பெண்ணையும் பார்த்துக் கல்லூரியே உதவும். பையனின் கண் பெரிய பல்கலைக்கழகத்தின் மேல் பதிகிறது. தாயாரோ கட்டணத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எதனை ஏற்பது?

இதற்குப் பொதுவான விடை ஒன்றும் இல்லை. ஆனால் கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு. இவ்வேலைக்கு அங்கே இப்போது இருப்பவர் எந்த ஆண்டில் பயில்கிறார்? அவர் போக இன்னும் மூன்றாண்டு ஆகுமெனில், இவன் மூன்றாண்டு ஓரத்தில் நிற்க நேரிடலாம். உதவி ஓராண்டுக்கா, பல ஆண்டுகளுக்கா? காயம் ஏற்பட்டால் என்ன ஆகும்? அழைத்த பயிற்சியாளர் வேறிடம் போய்விட்டால், வருபவர் இவனை மதிப்பாரா? எல்லாவற்றுக்கும் மேலாக, நாளையே ஆட்டம் நின்றுபோனாலும் இந்தக் கல்லூரியில் படிக்க இவன் விரும்புவானா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று சொல்லமுடிந்தால், மற்றவற்றின் சுமை பாதி குறையும்.

வாய்மொழி வாக்குறுதி யாரையும் கட்டுப்படுத்தாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். பயிற்சியாளர் தரும் வாக்கும், மாணவன் தரும் வாக்கும் எழுத்தில் கையொப்பமாகும் வரை வாக்குகளே. 1964 முதல் இதற்கென ஓர் ஒப்பந்தப் பத்திரம் நாடு முழுவதற்கும் இருந்தது. 2024-இல் அது நீக்கப்பட்டு, கல்லூரி தரும் உதவி பற்றிய உடன்படிக்கையே அதன் இடத்தைப் பெற்றது. 2018 முதல், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் தம் பெயரைப் பதிந்துகொள்ளும் பொதுப் பதிவேடும் உண்டு. இதனால் பயிற்சியாளர்கள் பள்ளி மாணவனை விட்டு, வேறு கல்லூரியில் தேர்ந்த உதைப்பாளரை அழைத்துக்கொள்வதும் மிகுந்துவிட்டது. கதவு இருபுறமும் திறக்கிறது. உள்ளே வருபவன் அதனை மறக்கலாகாது.

முடிவாக, உதைப்பாளனுக்கு வேண்டிய மனத்திடத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. 2013 நவம்பர் 30-ஆம் நாள், அலபாமா, ஆபர்ன் பல்கலைக்கழகங்கள் மோதின. இரு பக்கமும் 28 புள்ளிகள். மீதமிருந்தது ஒரே விநாடி. அலபாமாக் குழுவினர் 57 கஜத்திலிருந்து ஃபீல்டு கோல் முயன்றனர். பந்து எட்டவில்லை. களத்தின் கோடியில் அதைப் பிடித்த ஆபர்ன் வீரர் மறுகோடி வரை ஓடி வென்றுவிட்டார். அதே ஆட்டத்தில் அலபாமாவின் மற்றொரு உதைப்பாளருக்கு மூன்று முயற்சிகள் பலிக்கவில்லை. கல்லூரி மாணவரான அவருக்கு, முகமறியாதவர்கள் மிரட்டல்களை அனுப்பினார்கள். அவருக்குத் தம் கைப்பட எழுதி ஆறுதல் சொன்னவர்களுள் ஒருவர் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்.

மாணவர்களே, இதனை எண்ணிப் பாருங்கள். ஓர் இளைஞன் மூன்று உதைகளில் தவறினால் அவன் மதிப்பு குறைந்துவிடுமா? ஆட்டத்தை நேசிப்பவர்கள் ஆட்டக்காரனையும் மனிதனாய்ப் பார்க்கப் பழக வேண்டும். ஆட்டக்காரனும் தன்னை வெறும் காலாக எண்ணலாகாது. களத்தில் பல திறன் வேண்டும் என்று பயிற்சியாளர் கேட்கிறார், நியாயமே. ஆனால் வாழ்க்கை கேட்பது அதைவிடப் பெரிய பல திறன். ஓரத்தில் நின்று வலையில் உதைத்துப் பழகும் அந்தப் பையன், கல்லூரியை விட்டு வெளிவரும் நாளில், காலில் வலிமையோடு கையில் பட்டமும் உடையவனாய் இருக்க வேண்டும். அவ்வாறு இருந்தால், அவனைத் தேர்ந்தெடுத்தவர்களும் சரியாகவே தேர்ந்தெடுத்தார்கள். அவனும் சரியாகவே தேர்ந்தெடுத்தான் என்று நாம் சொல்லலாம்.